முழுப் பூசணிக்காய்

மண்முனைப் பாலம் தாண்டும்போதே ட்ரெவர் சொல்லிவிட்டார்:
ஒரு சொல்லும் விடாதே. அவர்கள் சொல்வதை அப்படியே சொல்லு,
நான் சொல்வதையும் அப்படியே.
நாள் கூலி ஆறாயிரத்து ஐந்நூறு,
பகல் சாப்பாடு பார்சல்.
அப்படியே சொல்வதுதான் என் தொழில்.

படுவான்கரைப் பள்ளிக்கூட மண்டபத்தில்
அறுபது பிளாஸ்டிக் கதிரை, மூன்று மின்விசிறி.
ஒன்றுதான் சுற்றியது.
யானை வேலி வராத கதையைக் கேட்க
ஊர் நாலாவது தடவையாகக் கூடியிருந்தது.

பழைய ஒப்பந்தக்காரன்
எங்கள் கண்ணுக்கு மேலால் கம்பளியை இழுத்துவிட்டான், என்றார்.
அப்படியே சொன்னேன்.
இந்த வெக்கைக்குள்ள கம்பளியா, என்றது ஒரு குரல்.

அவன் புல்லுக்குள் கிடந்த பாம்பு, என்றார்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இங்கே பாம்பு புல்லுக்குள்தான் கிடக்கும்,
அதற்கு வேறு இடமில்லை.

கணக்குப் புத்தகங்களைச் சமைத்துவிட்டார்கள், என்றார்.
சமைத்துவிட்டார்கள் என்றே சொன்னேன்.
சமைச்சவங்க எங்களுக்கும் ஒரு பிடி
தந்திரிக்கலாமே கா,
என்றாள் மூன்றாம் வரிசையில் பாக்கியவதி.

முதலைக் கண்ணீருக்கு மட்டும் நான் தேவைப்படவில்லை.
அது எங்கள் மொழியிலும் இருக்கிறது, வாவியிலும் இருக்கிறது.
போன வருஷம் கன்றொன்றை இழுத்துக்கொண்டு போனது.
கண்டவன் பின்வரிசையில் குந்தியிருந்தான்.
அது அழல்ல, என்றான்.

அதை நான் சொன்னதும் ட்ரெவர் சிரித்தார்,
கொப்பியில் எழுதிக்கொண்டார்.
கெட்ட மனுஷன் இல்லை.
தண்ணீர்ப் போத்தலைக்கூட
பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு விக்கலோடு பேசியவர்.
வேலி அடுத்த வருஷம், என்றார். நிதி வந்தபிறகு.
நிதி எங்கே நிற்கிறது என்பதை
கூட்டல் கழித்தலோடு கால்மணி நேரம் விளக்கினார்.

மறுகா பாக்கியவதி எழும்பினாள்.
"ஐயா, முழுப் பூசணிக்காயெச்
சோத்துக்குள்ள மறைக்கிறீங்க.
எங்கட பூசணிக்காயெல்லாம் ஆனை திண்டு முடிச்சிட்டுது.
நீங்க மட்டும் எங்கால எடுத்தீங்க?"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது.
அவள் சிரிக்கவில்லை.
மார்கழியில் ஆனைவெடியோடு போன மகன்.
வெடி நனைந்திருந்ததாம்.

ட்ரெவர் என் வாயைப் பார்த்தார்.
பூசணிக்காய்க்கு இங்கிலிஷ் எனக்குத் தெரியும்.
சோற்றுக்குத் தெரியும்.
மறைப்பதற்கு ஏழெட்டுச் சொல் தெரியும்.
அடுத்த மாதம் வெல்லாவெளியில்
இன்னும் மூன்று கூட்டம் இருப்பதும் தெரியும்.

உங்கள் வருகைக்கு ஊர் நன்றி சொல்கிறது,
வேலி வருமென்று நம்பிக்கையோடிருக்கிறது, என்றேன்.
நல்ல இலக்கணம்.
நாக்கு ஓரிடத்திலும் தடுக்கவில்லை.

வெள்ளைப் பொய் என்று அவர்களிடம் ஒன்று உண்டு.
எந்த வெள்ளை என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.
அரிசி வெள்ளையா, கொக்கு வெள்ளையா,
இரவில் வாசலில் வந்து நின்ற வாகனத்தின் வெள்ளையா.

ட்ரெவர் நெஞ்சில் கைவைத்து
அவளுக்குத் தலை குனிந்தார்.
பாக்கியவதி அவரைப் பார்க்கவில்லை.

"நான் தேங்க்யூ சொல்லல்லயே கா."

ஏழு வருஷம் குவைத்தில் வீட்டு வேலை.
எஜமானியம்மாவுக்கு, அவள் பிள்ளைகளுக்கு,
சம்பளம் பிந்திய மாதங்களுக்கும்
சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல்.
யார் வாயில் வந்தாலும் அவளுக்குக் கேட்கும்.

என்ன சொல்கிறார், என்றார் ட்ரெவர்.
ஒன்றுமில்லை, என்றேன்.

திரும்பும்போது பாலத்தில் வாகனத்தை நிறுத்தி
எல்லோரும் பார்சலைப் பிரித்தார்கள்.
நானும் பிரித்தேன்.
பருப்பு, பப்படம், ஒரு முட்டை.
விரலை விட்டபோது
சோற்றுக்கு அடியில் மெத்தென்று ஏதோ பட்டது.
முழுதில்லை. நாலு துண்டு.